டிரான்ஸ்லொகேஷன் உள்ள ஆண்: இயற்கையாக முயல்வதா, ஐ.வி.எஃப். வழியில் கருவைச் சோதிப்பதா?

கணவனின் கேரியோடைப் (குரோமோசோம்களைப் பார்க்கும் இரத்தச் சோதனை) முடிவில் 'சமநிலை டிரான்ஸ்லொகேஷன்', அதாவது முக்கியமான எதுவும் கூடாமல் குறையாமல் குரோமோசோம் பகுதிகள் இடம் மாறியிருக்கின்றன என்று வந்ததும், பல தம்பதியர் நேராக ஐ.வி.எஃப். பக்கம், அதாவது உடலுக்கு வெளியே கருவை உருவாக்கிக் கருப்பையில் வைக்கும் சிகிச்சைப் பக்கம் ஓடுகிறார்கள். இயற்கையாகக் கருத்தரித்து, கர்ப்பத்தில் சோதித்துக்கொள்வதும் ஒரு முறையான வழிதான். இரண்டில் எது பொருந்தும் என்பதை அந்தப் பெயரை வைத்து முடிவு செய்யக் கூடாது. எந்த வகை, விந்தணு எண்ணிக்கை எவ்வளவு, மனைவியின் வயது என்ன என்று பார்த்தே முடிவெடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் வகை. இரண்டு குரோமோசோம்கள் தமக்குள் துண்டுகளை மாற்றிக்கொள்வது பரிமாற்ற வகை. ஏறத்தாழ 500 பேரில் ஒருவருக்கு இருக்கும். 13, 14, 15, 21, 22 ஆகியவற்றில் இரண்டு ஒட்டி ஒன்றாகிவிடுவது ராபர்ட்சோனியன். ஏறத்தாழ 1000 பேரில் ஒருவருக்கு. இவரிடம் 46-க்குப் பதில் 45 குரோமோசோம்கள்தான். இரு வகையினரும் பொதுவாக நல்ல உடல்நலத்தோடு இருப்பார்கள். சிக்கல் விந்தணு உருவாகும்போது வருகிறது. ஜோடி ஜோடியாகச் சேர வேண்டிய குரோமோசோம்கள், பரிமாற்ற வகையில் நான்காகவும் ராபர்ட்சோனியனில் மூன்றாகவும் பின்னிக்கொள்கின்றன. பிறகு பிரியும்போது சில விந்தணுக்களில் ஒரு பகுதி கூடுகிறது, சிலவற்றில் குறைகிறது. பரிமாற்ற வகையில் சராசரியாக விந்தணுக்களில் பாதி இப்படிச் சமநிலை கெட்டவை. ராபர்ட்சோனியனில் பெரும்பாலும் 10 முதல் 20 சதவீதம். சரியாகச் சேராத பகுதிகள் எக்ஸ்-ஒய் ஜோடியோடு ஒட்டிக்கொண்டால் அந்த உயிரணு பாதியிலேயே அழியும். சிலருக்கு எண்ணிக்கை குறைவதற்கு இது ஒரு காரணம்.

எண்ணிக்கை இயல்பாக இருந்து மனைவியும் இளையவராக இருந்தால், நான் இயற்கை முயற்சியைத்தான் முதலில் வைப்பேன். சமநிலை கெட்ட கருக்களில் பெரும்பாலானவை ஆரம்பத்திலேயே நின்றுவிடும். கருச்சிதைவுகளைக் கண்ட தம்பதியரிலும் பலர் இறுதியில் நலமான குழந்தை பெறுகிறார்கள். குழந்தை பிறக்கும் வாய்ப்பைக் கருச்சோதனை (ஐ.வி.எஃப். கருவைக் கருப்பையில் வைக்கும் முன் சோதிப்பது) கூட்டுகிறது என்பதற்கு இதுவரை தெளிவான சான்று இல்லை. பயமுறுத்தும் கணக்குகளையும் பிரித்துப் பார்க்க வேண்டும். 14-ம் 21-ம் ஒட்டியது தாயிடம் இருந்தால், டவுன் சிண்ட்ரோமுடன் குழந்தை பிறக்கும் வாய்ப்பு 10 முதல் 15 சதவீதம். தந்தையிடம் இருந்தால் 1 சதவீத அளவுதான். தாயின் கணக்கைத் தந்தையிடம் சொல்லி அச்சுறுத்துவது அநியாயம்.

இந்த வழிக்கு விலை உண்டு. கருச்சிதைவு நேரலாம். 11-வது வாரத்துக்குப் பின் நஞ்சுக்கொடித் திசுவிலோ 15-வது வாரத்துக்குப் பின் பனிக்குட நீரிலோ சோதிக்க வேண்டும். முடிவு பாதகமாக வந்தால், நான்காம் ஐந்தாம் மாதத்தில் எடுக்கும் முடிவு மனதை உடைத்துவிடும்.

கருச்சோதனையோடு கூடிய ஐ.வி.எஃப். இந்த இடத்தில்தான் பலம் காட்டுகிறது: கருச்சிதைவுகளைக் குறைக்கிறது. இரண்டு மூன்று கர்ப்பங்களை இழந்து தளர்ந்த பெண்ணுக்கு அந்த ஒரு காரணமே போதும். ஆனால் குறை கணவனின் குரோமோசோமில் இருக்க, ஊசிகளும் முட்டை எடுக்கும் சிகிச்சையும் மனைவியின் உடலுக்கு. ஐந்தாறு நாள் வளர்ந்த கருவின் வெளியடுக்கிலிருந்து சில உயிரணுக்களை எடுத்துப் பார்க்கும்போது, பரிமாற்ற வகையில் பாதிக்கும் மேற்பட்டவை தகுதியற்றுப் போவது சகஜம். நான்கே கருக்கள் கிடைத்தவருக்கு வைக்க ஒன்றும் மிஞ்சாமலும் போகலாம். மனைவியின் வயது கூடினால் இது இன்னும் இறுக்கம். வழக்கமான சோதனை, முற்றிலும் இயல்பான கருவையும் தந்தையைப் போலவே சமநிலை மாற்றம் உள்ள கருவையும் பிரித்துக் காட்டாது என்பதையும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

எண்ணிக்கை மிகக் குறைந்தவர்களின் நிலை வேறு. அவர்களுக்கு, ஒரு விந்தணுவை நேராக முட்டைக்குள் செலுத்தும் இக்சி முறை எப்படியும் தேவை. அதோடு கருச்சோதனையையும் சேர்ப்பதே பொருத்தம். இக்சியில் நுண்ணோக்கி வழியே தேர்ந்தெடுக்கும் அழகான விந்தணுவுக்குள் குரோமோசோம் சரியாக இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இரண்டு வழியும் உதவாத நிலையும் உண்டு. இரு 21-களும் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் சமநிலையான விந்தணுவே உருவாகாது; அங்கே தானம் பெற்ற விந்தணுவோ தத்தெடுப்போதான் நேர்வழி. மறுமுனையில், 9-ஆம் குரோமோசோமில் நடுப்பகுதி தலைகீழாகத் திரும்பியிருக்கும் பொதுவான மாற்றம் இயல்பின் ஒரு வடிவமாகவே கருதப்படுகிறது. அதை மட்டும் காட்டி யாராவது ஐ.வி.எஃப். பரிந்துரைத்தால், மரபியல் ஆலோசகர் ஒருவரிடம் இன்னொரு கருத்துக் கேளுங்கள்.