கச்சான் காற்றும் கடல் உப்பும்: என் வீட்டு யூ.பி.எஸ்ஸுடன் நான்கு ஆண்டுகள்

இலங்கையின் திருகோணமலையை அடுத்த உப்புவெளியில், கடல் இரைச்சல் கேட்கும் தூரத்தில் எங்கள் வீடு. முன் அறையில் கணினி வைத்து நினைவு மலர்களும் திருமண அழைப்பிதழ்களும் வடிவமைத்துக் கொடுக்கிறேன். 2022 பெப்ரவரியில், ஒரு 31ஆம் நாள் நினைவு மலரின் கடைசிப் பக்கத்தைச் சேமித்துக்கொண்டிருந்தபோது மின்சாரம் போனது. திரும்பி வந்ததும் அந்தக் கோப்பு திறக்கவேயில்லை. இறந்தவரின் மகளுக்கு அதைச் சொல்லத் தொலைபேசியை எடுத்த கணம் இன்னும் நெஞ்சில் நிற்கிறது. இரண்டு இரவுகள் கண்விழித்து மலரை மீண்டும் செய்தேன். அந்த வாரமே, மின்சாரம் போனதும் தன் பற்றரியிலிருந்து கணினியைச் சிறிது நேரம் ஓடவைக்கும் யூ.பி.எஸ் பெட்டி ஒன்றை வாங்கினேன்.

650 விஏ (வோல்ட்-ஆம்பியர், அது தாங்கும் சுமையின் அளவு) கொண்ட சாதாரண வகை. உள்ளே 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி ஈய அமிலப் பற்றரி ஒன்று. பெருக்கினால் 84 வாட்-மணி. கணினியும் திரையும் சேர்ந்து 120 வாட் எடுக்கும் என் மேசைக்கு நாற்பது நிமிடமாவது தாங்கும் என்று கணக்குப் போட்டேன். கடிகாரத்தை வைத்து அளந்தபோது கிடைத்தது 14 நிமிடம். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்றே முதலில் நினைத்தேன். உண்மை வேறு. பற்றரியின் மேல் அச்சிட்டிருக்கும் 7 ஆம்பியர்-மணி, 20 மணி நேரத்தில் மெல்ல மெல்லச் செலவழித்தால் கிடைப்பது. நான் செய்வதுபோல் அவசரமாக உறிஞ்சினால் அதில் பாதிகூடத் தேறாது. ஆனால் கோப்பைச் சேமித்துக் கணினியை ஒழுங்காக அணைக்க எனக்கு இரண்டு நிமிடம் போதும். அந்த ஒரு வேலையில் இந்தப் பெட்டி இதுவரை என்னைக் கைவிடவில்லை.

நான் செய்த தவறு, அதனிடம் வேறு வேலையும் கேட்டதுதான். 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை போனது. மகளுக்கு இணையவழி வகுப்புகள். எனவே இணைய ரவுட்டரையும் யூ.பி.எஸ்ஸிலேயே செருகினேன். பத்து வாட்கூட எடுக்காத கருவிக்காக 12 வோல்ட்டை 230 ஆக உயர்த்தி, ரவுட்டரின் அடாப்டர் அதை மறுபடி 12 ஆக இறக்கி, வழியில் பாதி மின்சாரம் வெப்பமாகவே போனது. இரண்டு மணி நேரத்தில் கீச்சிடத் தொடங்கிவிடும். அடுத்த வெட்டுக்குள் பற்றரி முழுதாக நிரம்பவும் நேரமில்லை. ஈய அமிலப் பற்றரியை அரைகுறையாக ஏற்றி, அடிவரை வற்றவிட்டு, அப்படியே கிடக்கவிடுவதைப் போன்ற கொடுமை வேறில்லை.

ரவுட்டருக்குத் தனியே ஒரு சின்ன டிசி (நேர் மின்னோட்ட) யூ.பி.எஸ் வாங்கிய பிறகுதான் வீட்டில் நிம்மதி வந்தது. கைக்குள் அடங்கும் பெட்டி. உள்ளே லித்தியம் அயன் கலங்கள், நேரடியாக 12 வோல்ட் வெளியீடு. மூன்று மணி நேரம் தாங்குகிறது. வாங்கும்போது அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட், ஆம்பியர் இரண்டையும் பாருங்கள். 9 வோல்ட் ரவுட்டருக்கு 12 வோல்ட்டைக் கொடுத்தால் அது கருகிப்போகலாம்.

பெரிய யூ.பி.எஸ்ஸின் முதல் பற்றரி 18 மாதங்களில் செத்தது. 2023 ஓகஸ்ட், கச்சான் காற்று அனலாக வீசும் காலம். அட்டையைக் கழற்றினால் பற்றரியின் பக்கங்கள் உப்பியிருந்தன, முனைகளில் வெண்பச்சைப் பொடி. பழுது பார்க்கும் தம்பி தொட்டுப் பார்த்துவிட்டு, “அக்கா, இது வெந்துபோயிருக்கிறது” என்றார். வெப்பநிலை 25 பாகை செல்சியஸுக்கு மேல் ஏறும் ஒவ்வொரு 10 பாகைக்கும் இவ்வகைப் பற்றரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். நானோ அதை மேற்குச் சுவர் ஓரமாக, கணினியின் சூட்டுக் காற்று அடிக்கும் இடத்தில் நெருக்கி வைத்திருந்தேன். புதிய பற்றரி போட்டு, பெட்டியைக் கிழக்குப் பக்கத் தாழ்ந்த தட்டில், நாலு புறமும் காற்றோட்டம் விட்டு வைத்தேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை முனைகளைத் துடைக்கிறேன். கடலோரத்தில் இருப்பவர்கள் இதைத் தள்ளிப்போட வேண்டாம். பழைய பற்றரியைக் குப்பையில் போடாமல் பற்றரிக் கடையிலேயே கொடுத்தேன், உள்ளே இருப்பது ஈயம்.

இடம் மாற்றியதன் பலனைக் கண்ணால் கண்டேன். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகல், பாணந்துறை துணை மின் நிலையத்தில் குரங்கு மின்தொடர்பில் பட்டு நாடே இருண்டபோது இந்த இரண்டாவது பற்றரிக்கு ஒன்றரை வயது. 13 நிமிடம் நின்றது. அடுத்த நாட்களின் ஒன்றரை மணி நேர வெட்டுகளில் சின்னப் பெட்டி ரவுட்டரை ஒருமுறைகூட அணையவிடவில்லை.

டித்வா புயல் வந்த 2025 நவம்பர் இறுதியில் மட்டும் இரண்டாலும் ஈடுகொடுக்க முடியவில்லை. மின்சாரம் போய் மூன்று மணி நேரத்தில் சின்னப் பெட்டியும் அடங்கியது. ஆனால் வெளிநாட்டிலிருக்கும் அண்ணனுக்கு “நாங்கள் பத்திரம்” என்ற செய்தி அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டது. அதற்காகவே அதை மறக்க மாட்டேன்.

லேசர் அச்சுப்பொறியை யூ.பி.எஸ்ஸில் செருக வேண்டாம், சூடாகும்போது அது இழுக்கும் மின்சாரத்தை இந்தச் சின்னப் பெட்டி தாங்காது. லித்தியம் பற்றரியை ஈய அமிலத்துக்கான யூ.பி.எஸ்ஸில் மாற்றிப் போடவும் வேண்டாம், மின்னேற்றும் முறை வேறு.

போன கிழமை மறுபடி அளந்தேன். 8 நிமிடம். சேமித்து அணைக்க அது தாராளம்தான், ஆனாலும் இந்த ஆண்டுக் கச்சான் தொடங்குமுன் புதிய பற்றரி போட்டுவிடுவேன். மேசையில் இப்போதும் ஒரு நினைவு மலர் பாதியில் இருக்கிறது.