வாரம் ஓர் ஊசியா, தினம் ஒரு மாத்திரையா?

இனிப்பு நீர் எனும் நீரிழிவோடு இதய பலவீனமும் சேர்ந்துகொண்டபோது மருத்துவர் என் முன் இரண்டு வழிகளை வைத்தார்: வாரம் ஒருமுறை செமாகுளுடைட் ஊசி, அல்லது தினமும் காலையில் 10 மில்லிகிராம் எம்பாகிளிஃபுளோசின் மாத்திரை. நான் மாத்திரையைத் தேர்ந்தெடுத்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளியிருக்கும் தம்பி, செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுபவன், ஊசியைத் தேர்ந்தெடுத்தான். ஆகவே மாத்திரையைப் பற்றி உடம்பறிந்து எழுதுகிறேன். ஊசியைப் பற்றி அவனருகில் இருந்து கண்டதை மட்டுமே எழுதுகிறேன்.

எடையைக் குறைப்பதில் ஊசிக்கே வெற்றி. 2021இல் வெளியான ஸ்டெப் 1 ஆய்வில், இனிப்பு நீர் இல்லாத பருமனானவர்கள் 2.4 மில்லிகிராம் ஊசியால் 68 வாரங்களில் சராசரியாக 14.9 விழுக்காடு எடை இழந்தார்கள். மாத்திரையால் எனக்கு மூன்று கிலோதான் குறைந்தது.

இதயத்துக்கு இரண்டுமே நல்லவை. 2015ஆம் ஆண்டின் எம்பா-ரெக் ஆய்வில், இனிப்பு நீரும் இதய நோயும் உள்ள 7,020 பேரில் மாத்திரை எடுத்தவர்களுக்கு இதய நோயால் நேரும் மரணம் 38 விழுக்காடும், இதயச் செயலிழப்பால் மருத்துவமனையில் சேர்வது 35 விழுக்காடும் குறைந்தன. 2023இல் செலெக்ட் ஆய்வு, இனிப்பு நீர் இல்லாத, எடை மிகுந்த இதய நோயாளிகள் 17,604 பேரிடம், இதய மரணம், மாரடைப்பு, பக்கவாதம் மூன்றும் சேர்ந்த கணக்கை ஊசி 20 விழுக்காடு குறைப்பதாகக் காட்டியது. ஆட்களும் வேறு, அளவுகோலும் வேறு என்பதால் 38ஐயும் 20ஐயும் நேருக்கு நேர் நிறுத்துவது நியாயமாகாது. ஆனால் கால் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டிய எனக்கு அந்த 35தான் கண்ணில் நின்றது.

இருந்தாலும் என் முடிவைத் தீர்மானித்தது வேறொன்று: இதை ஆயுள் முழுக்க நம்மால் விடாமல் தொடர முடியுமா என்ற கேள்வி. இரண்டு மருந்துமே உடம்பில் இருக்கும்வரைதான் வேலை செய்யும். ஸ்டெப் 1 ஆய்வின் தொடர்ச்சி 2022இல் வெளிவந்தபோது, ஊசியை நிறுத்தி ஓராண்டுக்குள், இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது தெரிந்தது. தம்பி வீட்டில் இதையே கண்ணெதிரே பார்த்தேன். தனியார் கிளினிக்கில் மாதம் பல நூறு வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து, முதல் வாரங்களின் குமட்டலைப் பொறுத்துக்கொண்டு, 104 கிலோவிலிருந்து 93க்கு வந்தான். மருந்து பேனா வடிவ ஊசியில் வரும்; திறக்காத பேனாவை 2 முதல் 8 பாகை செல்சியஸ் குளிரில் வைக்க வேண்டும். உறைந்துவிட்டால் பயன்படுத்தக் கூடாது. அவனுடைய பழைய குளிர்பெட்டியில், மேல்தட்டில் ஐஸ் பெட்டியை ஒட்டி வைத்திருந்த புதுப் பேனா ஒரு நாள் காலையில் கல்லாக இருந்தது. வெண்பனி படிந்த அந்தப் பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டு அவன் வாசலில் வந்து நின்றதை மறக்க முடியவில்லை. அந்த மாதமே பிள்ளையின் கல்லூரிக் கட்டணமும் வந்து சேர, ஊசி நின்றது. ஆறு மாதத்தில் ஏழு கிலோ ஏறிவிட்டது.

என் மாத்திரைக்குக் குளிர்பெட்டி வேண்டாம்; காலைத் தேநீரோடு விழுங்கிவிட்டு வேலையைப் பார்க்கலாம். ஆனால் அதற்கும் கவனம் தேவை. அது சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுவதால் பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வரலாம்; எனக்கு ஒருமுறை வந்து, களிம்பில் குணமாயிற்று. காய்ச்சலோ வாந்தியோ வந்து சாப்பிட முடியாத நாள்களில் மாத்திரையை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் பேச வேண்டும். இல்லையேல் இரத்தத்தில் அமிலம் கூடும் ஆபத்து உண்டு.

எடையே முதல் தொல்லையாக இருந்து, மாதாமாதம் செலவழிக்கவும் முடிந்தவருக்கு ஊசி வேண்டாமென்று நான் சொல்ல மாட்டேன். தம்பியும் போனஸ் கிடைத்ததும் மறுபடியும் அதற்கே போயிருக்கிறான். இடைவெளி நீண்டுவிட்டதால் மருத்துவர் 0.25 மில்லிகிராமிலிருந்து தொடங்கச் சொல்லியிருக்கிறார். இப்போது பேனா எங்கள் வீட்டுக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் இருக்கிறது.