வெளிப்பூச்சு லேபர் டீம்: பாக்க பளிச்னு இருக்கு, தட்டிப் பாத்தா பொக்கு

மதுரையில வீட்டு வேலை ஓடிட்டு இருக்கு, வெளிப்பூச்சுக்கு மட்டும் தனியா ஒரு லேபர் டீம் விட்டோம், சதுர அடி கணக்கு, மெட்டீரியல் நம்மளது. டீம் பேர் போடல.

நல்லதை முதல்ல சொல்லிடறேன். சாரம் ஒழுங்கா கட்டினாங்க, தடிமன் அளவுக்கு அங்கங்க கலவையில பொட்டு வச்சு தூக்குக்குண்டு பாத்து பூசினாங்க, ஜன்னல் ஓரம், மூலை எல்லாம் அவ்ளோ நேரா வந்துச்சு. சன்ஷேடுக்கு அடியில தண்ணி சுவர் பக்கம் வழியாம இருக்க காடி (சின்ன பள்ளக் கோடு) கூட நாம கேக்காமலே விட்டாங்க.

ஆனா மேற்கு சுவர் காய ஆரம்பிச்சதும் சிலந்தி வலை மாதிரி பொடிப்பொடியா வெடிப்பு. காரணம் கண்ணுக்கு முன்னாடியே நடந்துச்சு, ஈரம் சீக்கிரம் இழுக்கணும்னு மேல வெறும் சிமெண்ட்டை தூவி தேய்ச்சு விட்டாங்க, அதுவும் மத்தியான வெயில்ல. மேல் தோல் மட்டும் சிமெண்ட் அதிகமாகி சுருங்கும்போது வெடிக்காம என்ன செய்யும். இது அழகை கெடுக்குமே தவிர பெரிய ஆபத்து இல்ல.

பயப்பட வேண்டியது வேற ரெண்டு. ஒண்ணு, பீமும் செங்கலும் சேருற இடத்துல நேர்கோடா ஒரு வெடிப்பு, அங்க சிக்கன் மெஷ், அதாவது மெல்லிசு கம்பி வலை, அடிக்கவே இல்ல, காங்கிரீட்டும் செங்கலும் வெயிலுக்கு ஒரே அளவு விரியாதுல்ல. ரெண்டாவது பொக்கு, அதாவது பூச்சு சுவர்ல பிடிக்காம உள்ள காலியா நிக்கிறது. ஒரு ரூபா காசை வச்சு சுவர் பூரா தட்டிக்கிட்டே போங்க, கெட்டியா இருந்தா சத்தம் அடங்கி வரும், பிடிக்காத இடத்துல டொக்குனு காலியா கேக்கும். பில்லர் மேல அப்படித்தான் கேட்டுச்சு, உடைச்சா, பூச்சு பிடிக்க காங்கிரீட்டை கொத்தி சொரசொரப்பாக்கணும்ல, ஒரு கொத்து கூட விடல, வழவழன்னு அப்படியே இருக்கு, அதுக்கு மேல ரெண்டு விரல் தடிமனுக்கு ஒரே தடவையில அப்பியிருக்காங்க. முதல்ல 12 மி.மீ ரஃப் கோட் (அடிப்பூச்சு), அது இறுகினப்புறம் மேல 8 மி.மீ, இதுதான் முறை.

மேஸ்திரிகிட்ட கேட்டா "வீடுன்னா வெடிக்கத்தான் சார் செய்யும், ஒயிட் சிமெண்ட் அடிச்சு பெயிண்ட் விட்டா தெரியாது"ன்னாரு. பேலன்ஸ் பணத்தை நிறுத்தினதும்தான் ஆள் வந்துச்சு. ஆனா வந்தப்புறம் வேலை சரியா நடந்துச்சு, அதையும் சொல்லணும். பொக்கு இடத்தை சதுரமா வெட்டி எடுத்து, பில்லர்ல கொத்து விட்டு, நனைச்சு சிமெண்ட் பால் அடிச்சு ரெண்டு கோட்டா பூசினாங்க. பீம் ஓரத்துல ரெண்டு பக்கமும் ஆறு இஞ்ச் பிரிச்சு மெஷ் அடிச்சாங்க. மெஷ் காசு நம்ம தலையில.

பொடி வெடிப்பை தொட விடல. சிமெண்ட் பால் தடவினா அதுவும் சேர்ந்து உரியும். குறைஞ்சது 28 நாள் காய விட்டு, பெரிசா தெரியுறதை மட்டும் கீறி கிராக் ஃபில்லர் வச்சு, மேல இழுபடுற எக்ஸ்டீரியர் பெயிண்ட் அடிச்சா போதும். பூச்சுக்கு தண்ணி அடிக்கிறதை மட்டும் அவங்களை நம்பி விடாதீங்க, ஏழு நாளும் காலையில சாயங்காலம் வீட்டு ஆளே ஹோஸ் பிடிக்கிறது நல்லது.

அஞ்சுக்கு ரெண்டரை ஸ்டார். மொட்டை மாடி கைப்பிடிச் சுவர் பாக்கி இருக்கு, அதுக்கும் இவங்களைத்தான் கூப்பிடப் போறோம், கை சுத்தம், ஆனா பில்லர் பீம் எல்லாம் கொத்து விட்டு மெஷ் அடிச்சதை நான் பாத்தப்புறம்தான் கலவையே கலக்கணும்னு சொல்லியாச்சு.