பேண்ட்கேம்ப்: நாம் கொடுக்கிற 10 டாலரில் பாடகருக்கு எவ்வளவு?

பிடித்த இசைக் கலைஞருக்கு நம் பணம் நேராகப் போய்ச் சேர வேண்டும் என்று நினைக்கிற ரசிகர்கள் நடுவே அடிக்கடி அடிபடுகிற பெயர் பேண்ட்கேம்ப். 2008-ல் அமெரிக்காவில் தொடங்கிய இணைய இசைக் கடை இது. வீட்டு அறையில் தனியாகப் பதிவு செய்கிறவர், நாலு பேர் சேர்ந்த குழு, கேசட்டை ஐம்பது அறுபது பிரதி மட்டும் போடுகிற குட்டி லேபிள் (இசை வெளியீட்டு நிறுவனம்), எல்லாரும் இங்கே கடை போடலாம். கணக்குத் திறக்கக் காசு கிடையாது. விற்றால் மட்டும் பங்கு எடுப்பார்கள்.

அந்தப் பங்கு எவ்வளவு என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஓர் ஆல்பத்தின் விலை 10 டாலர் என்று வைத்துக்கொள்வோம். டிஜிட்டல் விற்பனையில் தளத்துக்கு 15 சதவீதம், அதாவது 1.50 டாலர். கார்டு அல்லது பேபால் கட்டணம் பெரும்பாலும் 4 முதல் 7 சதவீதம், 40 சென்ட்டிலிருந்து 70 சென்ட் வரை. மிச்சம் 7.80 முதல் 8.10 டாலர் வரை கலைஞருக்கு. கடந்த 12 மாதத்தில் 5,000 டாலருக்கு மேல் விற்றவர் என்றால் அந்த 15 சதவீதம் 10 ஆகிவிடும். சட்டை, சிடி, கேசட், வினைல் இசைத்தட்டு மாதிரிப் பொருட்களுக்கு எடுத்த எடுப்பிலேயே 10 சதவீதம்தான்.

சின்னத் தொகையில் மட்டும் கணக்கு கொஞ்சம் கசக்கும். பணப் பரிமாற்றக் கட்டணத்தில் சதவீதத்தோடு நிலையான சில சென்ட்டும் சேர்ந்திருப்பதால், 1 டாலர் பாட்டில் கடிபடுகிற விகிதம் 10 டாலர் ஆல்பத்தைவிட அதிகம். ஆகவே ஒரே கலைஞரின் ஐந்து பாட்டை ஐந்து நாளில் தனித்தனியாக வாங்காதீர்கள். ஒன்றாகக் கூடையில் போட்டு ஒரே தடவையில் பணம் கட்டுங்கள்.

ஸ்பாட்டிஃபையோடு ஒப்பிட்டால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். அங்கே ஒரு தடவை கேட்டால் இத்தனை பைசா என்று நிலையான தொகை கிடையாது. 2024 முதல், ஒரு பாட்டு 12 மாதத்தில் 1,000 தடவை ஓடியிருக்காவிட்டால் பதிவுக்கான ராயல்டியே கிடையாது என்று விதி. புதிதாக வருகிறவருக்கு அந்த ஆயிரம் சாதாரணமில்லை. பேண்ட்கேம்ப்பில் ஒரே ஒரு ரசிகர் வாங்கினாலும் அது வருமானம்.

இதைவிட அதிகமாகக் கலைஞருக்குப் போக வேண்டுமென்றால் பேண்ட்கேம்ப் ஃப்ரைடேவுக்குக் காத்திருக்கலாம். கொரோனாவில் கச்சேரிகள் நின்றுபோன நேரத்தில், 2020 மார்ச் 20 அன்று, ஒரு நாள் முழுக்கத் தளம் தன் பங்கை விட்டுக்கொடுத்தது. அந்த ஒரே நாளில் ரசிகர்கள் 43 லட்சம் டாலருக்கு வாங்கினார்கள். அதற்குப் பிறகும் குறிப்பிட்ட சில மாதங்களின் வெள்ளிக்கிழமைகளில் இது தொடர்கிறது. அன்றைக்கு 10 டாலர் ஆல்பத்தில் 9.30 முதல் 9.60 வரை கலைஞருக்குப் போகும். நம்மவர்கள் வழுக்குகிற இடம் நேரக் கணக்கு. அமெரிக்க மேற்குக் கரை நேரப்படி நள்ளிரவிலிருந்து அடுத்த நள்ளிரவு வரைதான் சலுகை. அங்கே கோடை நேரம் ஓடுகிற மாதங்களில் இந்திய நேரம் வெள்ளி மதியம் 12.30-க்குத் தொடங்கி சனி மதியம் 12.30-க்கு முடியும். குளிர் மாதங்களில் 1.30 முதல் 1.30 வரை. வெள்ளி காலை எழுந்ததும் வாங்குகிறவரின் பணத்தில் வழக்கம்போல் 15 சதவீதம் போய்விடும். எல்லா மாதமும் கிடையாது என்பதால் தேதியைத் தளத்தில் பார்த்துக்கொண்டு இறங்குங்கள்.

வாங்குவதற்கு செல்பேசிச் செயலியைவிட பிரவுசர் நல்லது. ஆல்பம் பக்கத்தில் விலைக்குப் பக்கத்தில் 'அல்லது அதற்கு மேல்' என்ற பொருளில் ஒரு குறிப்பு இருந்தால், பெட்டியில் அதிகத் தொகையும் போடலாம். 'நேம் யுவர் பிரைஸ்' என்று இருந்தால் விலையை நாமே முடிவு செய்யலாம். குறைந்தபட்ச விலை வைக்காத இடங்களில் பூஜ்யம் போட்டாலும் பாட்டு இறங்கும். ஆனால் அந்த ஓசி இறக்கமும் கலைஞரின் கணக்கிலிருந்துதான் கழியும். ஒரு கலைஞருக்கு மாதம் 200 இலவச இறக்கங்கள்தான் ஒதுக்கீடு. அது தீர்ந்தால் அவர் காசு கொடுத்து வாங்கிப் போட வேண்டும். ஆதரவு தருகிறேன் பேர்வழி என்று பூஜ்யம் போட்டு இறக்கிவிட்டு நண்பர்களுக்கும் இணைப்பை அனுப்புவது உதவி ஆகாது. கேட்டுப் பார்க்க மட்டும் வேண்டுமென்றால் பக்கத்திலேயே ஓடவிட்டுக் கேளுங்கள், அதற்குக் காசில்லை.

பணம் கட்டும் பக்கத்தில் இந்திய கார்டு மறுக்கப்பட்டால், பெரும்பாலும் காரணம் நம் பக்கம்தான். வெளிநாட்டுப் பரிவர்த்தனை பல கார்டுகளில் அணைத்தே வைக்கப்பட்டிருக்கும். வங்கிச் செயலிக்குள் போய் அதைத் திறந்து, உச்சவரம்பைச் சின்னத் தொகையாக வைத்து, வாங்கி முடித்ததும் மறுபடி மூடிவிடலாம். நாணய மாற்றுக்கு வங்கிகள் பொதுவாக 2 முதல் 3.5 சதவீதம் எடுக்கும், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. 3.5 சதவீத கார்டு என்றால் 10 டாலருக்கு ஏறக்குறைய 41 சென்ட் கூடுதல். யூபிஐ கிடையாது.

அந்தப் பக்கத்திலேயே ஒரு சின்ன டிக் பெட்டி இருக்கும், உங்கள் மின்னஞ்சலைக் கலைஞரோடு பகிரலாமா என்று. பலர் கூச்சத்தில் விட்டுவிடுகிறார்கள். பிடித்தவர் என்றால் தாராளமாக டிக் போடுங்கள். இன்ஸ்டாகிராமில் பத்தாயிரம் பேர் பின்தொடர்ந்தாலும் பதிவு யார் கண்ணில் படும் என்பதை அல்காரிதம் முடிவு செய்கிறது. மின்னஞ்சல் பட்டியல் கலைஞரின் கையில் இருக்கிற சொத்து, கடையே நாளை மூடினாலும் அது அவரோடு வரும். தங்கள் ஊருக்குக் கச்சேரி வந்தால் டிக்கெட் வாங்கப் போகிற முப்பது பேர் யார் என்று அதில் தெரியும்.

வாங்கிய பிறகு பக்கத்தின் கீழே ஆதரவாளர் வரிசையில் உங்கள் சின்னப் படமும் சேரும். பிடித்த பாட்டு எது என்று குறித்து இரண்டு வரி எழுதலாம். எழுதுங்கள். படத்தைத் தட்டினால் அந்த ரசிகர் வாங்கியது எல்லாம் ஒரு அலமாரியாக விரியும். ஒரே ரசனை உள்ளவரின் அலமாரியை மேய்வதில் புதுப் பெயர்கள் கிடைக்கிற மாதிரி எந்தப் பரிந்துரைப் பட்டியலிலும் கிடைப்பதில்லை. இந்தத் தளத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது.

கோப்பு வடிவங்களில் குறை சொல்ல முடியாது. எம்பி3, ஃப்ளாக் (ஒலித் தரம் குறையாமல் சுருக்குகிற வடிவம்), ஏஏசி, ஆப்பிள் லாஸ்லெஸ், வேவ் என்று கேட்ட வடிவில் இறக்கலாம், ஒன்றை வாங்கினால் எல்லா வடிவமும் உங்களுடையது. 40 நிமிட ஆல்பம் ஃப்ளாக்கில் சுமார் 250 எம்பி வரும். சேமித்து வைக்க அது. ஐபோனின் மியூசிக் செயலி ஃப்ளாக்கை ஏற்காது, அதற்கு ஆப்பிள் லாஸ்லெஸ்ஸை எடுத்துக் கணினி வழியாக ஏற்ற வேண்டும். வண்டியில் பென் டிரைவ் போட்டுக் கேட்கிறவருக்கு 320 கேபிபிஎஸ் எம்பி3 போதும்.

வினைல் ஆசை இருந்தால் முதலில் தபால் செலவைப் பாருங்கள். அமெரிக்காவிலிருந்தோ ஐரோப்பாவிலிருந்தோ ஒரு தட்டுக்கு வருகிற கூலி பல நேரம் தட்டு விலையையே தொட்டுவிடும், சுங்கவரி தனி. அந்தப் பணத்துக்கு டிஜிட்டல் ஆல்பம் இரண்டு வாங்கினால் கலைஞருக்கு அதிகம் போகும். தட்டுதான் வேண்டுமென்றால், அதை உறையிலிருந்து வெளியே எடுத்துத் தனியாக வைத்துப் பொட்டலம் கட்டச் சொல்லி ஆர்டரோடு ஒரு குறிப்பு அனுப்புங்கள். உள்ளேயே இருந்தால் வழியில் குலுங்கும்போது தட்டின் விளிம்பு அட்டை உறையின் தையலைக் கிழித்துவிடும். கேசட் இலேசானது, இந்தத் தொல்லை குறைவு.

இனி கடை போடுகிறவர் பக்கம். வேவ், ஏஐஎஃப்எஃப், ஃப்ளாக் மட்டுமே ஏற்றலாம், இலவசக் கணக்கில் ஒரு பாட்டுக்கு 291 எம்பி வரை. எம்பி3 ஏறாது. அதற்காக எம்பி3-யை வேவ் ஆக மாற்றி ஏற்றுகிறவர்கள் உண்டு, தயவுசெய்து வேண்டாம். 128 கேபிபிஎஸ் எம்பி3-யாகச் சுருக்கிய பாட்டை, ஒலியின் அதிர்வெண்களைப் படமாகக் காட்டும் மென்பொருளில் திறந்தால் 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே கத்தரியால் வெட்டிய மாதிரி காலியாக இருக்கும். ஃப்ளாக்குக்குக் காசு கொடுக்கிற ரசிகர்களில் இதைப் பார்க்கத் தெரிந்தவர்கள் நிறைய. அட்டைப் படம் குறைந்தது 1400-க்கு 1400 பிக்சல். தலைப்பைத் தமிழில் வைப்பது அழகுதான், ஆனால் ஆங்கில எழுத்தில் தேடுகிறவரும் உண்டு. டேக்கில் மொழி, ஊர், இசை வகை மூன்றையும் ஆங்கில எழுத்திலும் சேர்த்துவிடுங்கள். சினிமாப் பாட்டை மறுபடி பாடி விற்க நினைத்தால் உரிமை வாங்காமல் ஏற்றாதீர்கள். புகார் வந்தால் போவது அந்தப் பாட்டோடு நிற்காது, கணக்கே போகலாம்.

தமிழ்நாட்டுக் கலைஞருக்கு உண்மையான தலைவலி பணம் கைக்கு வருகிற பாதை. பேண்ட்கேம்ப் நம்பியிருப்பது பேபாலை. பேபாலோ இந்தியாவுக்குள்ளேயே பணம் செலுத்தும் சேவையை 2021 ஏப்ரல் 1 முதல் நிறுத்திவிட்டது. வெளிநாட்டிலிருந்து வருகிற பணம் வரும், அது தானாகவே வங்கிக் கணக்குக்கு மாறிவிடும். டொராண்டோ ரசிகர் வாங்கினால் சிக்கலில்லை. சென்னை ரசிகர் சென்னைக் குழுவுக்குக் கொடுக்க டாலரில் விலை பார்த்து, நாணய மாற்றுக் கட்டணம் கட்டி, கலிஃபோர்னியா வழியாகச் சுற்றுவது மூக்கைத் தலையைச் சுற்றித் தொடுகிற வேலை. இந்த ஒரு விஷயத்தில் உள்ளூர் ரசிகருக்கு இந்தத் தளத்தைப் பரிந்துரைக்க மாட்டோம்.

ஆனால் இதற்குள்ளேயே ஒரு குறுக்கு வழி இருக்கிறது, நம் குழுக்கள் அதிகம் பயன்படுத்துவதில்லை. கலைஞர் தன் பக்கத்தில் டவுன்லோட் கோடுகளை (ஆல்பத்தை இறக்கப் போட வேண்டிய குறியீடுகளை) உருவாக்கலாம். ஒவ்வொரு கோடும் ஓர் ஆல்பத்துக்கு ஒரு தடவை செல்லும். விசிட்டிங் கார்டு அளவில் முன்பக்கம் அட்டைப் படம், பின்பக்கம் கோடும் அதைப் போட வேண்டிய முகவரியும் அச்சடித்து, கச்சேரி மேசையில் ஒரு யூபிஐ க்யூஆர் அட்டையோடு வைத்துவிட்டால் 200 ரூபாய்க்கு ஆல்பம் விற்கலாம். பணம் நேரே கணக்கில் விழும், 15 சதவீதமும் இல்லை, டாலரும் இல்லை. ரசிகருக்கு அதே ஃப்ளாக், அதே அலமாரி. ஒரே கோடை நூறு அட்டையில் அச்சடித்துவிட்டால் முதல் ஆளுக்கு மட்டும் வேலை செய்யும். அட்டைக்கு அட்டை கோடு மாற வேண்டும் என்று அச்சகத்தில் தெளிவாகச் சொல்லி, பட்டியலைக் கோப்பாகக் கொடுங்கள்.

மாதாமாதம் கொடுக்க விரும்பினால் பேட்ரியான் போன்ற சந்தா தளங்கள் அதற்குப் பொருத்தம். சேரும்போது ஐபோன் செயலிக்குள் சேராமல் பிரவுசரில் சேருங்கள், ஆப்பிளின் பங்கு மிச்சமாகும். யூட்யூப் மெம்பர்ஷிப்பிலும் சூப்பர் சாட்டிலும் 30 சதவீதம் தளத்துக்கே.

நம்பிக்கை விஷயத்திலும் ஒரு வார்த்தை. 2022-ல் எபிக் கேம்ஸ் என்ற வீடியோ கேம் நிறுவனம் இந்தத் தளத்தை வாங்கியது, 2023-ல் சாங்டிரேடர் என்ற இசை உரிம நிறுவனத்துக்கு விற்றது, அந்தக் கைமாற்றத்தில் ஊழியர்களில் பாதிப் பேருக்கு வேலை போனது. ஊழியர்கள் சங்கம் அமைத்த சில மாதங்களிலேயே அது நடந்தது என்பதைக் கலைஞர்கள் மறக்கவில்லை. பங்கு விகிதம் இன்னும் மாறவில்லை என்பது ஆறுதல். அடுத்தவர் பாட்டைத் தன் பெயரில் ஏற்றி விற்கிற போலிக் கணக்குகளும் இங்கே நுழைகின்றன. தேடலில் கிடைத்ததை வாங்காமல், கலைஞரின் சொந்தப் பக்கத்திலிருந்து இணைப்பைப் பிடித்து வாருங்கள்.

கணக்கு இல்லாமல் வாங்கியிருந்தால் இறக்கும் இணைப்பு மின்னஞ்சலுக்கு வரும். பிறகு அதே முகவரியில் கணக்கு திறந்தால் பழையதும் அலமாரியில் சேர்ந்துவிடும். எப்படி வாங்கினாலும் அன்றைக்கே ஃப்ளாக்கை இறக்கி ஹார்ட் டிஸ்க்கில் போட்டுவிடுங்கள். உரிமைப் புகாரில் ஒரு ஆல்பம் தூக்கப்பட்டால், அலமாரியில் இருந்ததும் சேர்ந்தே போகலாம்.