ஆறு ஆஸ்கர் வாங்கிய படம் ஏன் சலிக்கிறது? ஜீன் கெல்லியின் இரண்டு மியூசிக்கல்கள்

'ஆன் அமெரிக்கன் இன் பாரிஸ்' (1951) சிறந்த படம் உட்பட ஆறு ஆஸ்கர் வாங்கியது. அடுத்த ஆண்டு வந்த 'சிங்கின் இன் த ரெயின்' இரண்டே பரிந்துரைகளோடு வெறுங்கையாகத் திரும்பியது. இரண்டும் எம்.ஜி.எம். ஸ்டுடியோவின் மியூசிக்கல்கள், அதாவது பாட்டும் நடனமும் நிறைந்த படங்கள், தயாரிப்பு ஆர்தர் ஃபிரீட், நாயகன் ஜீன் கெல்லி. விருதை நம்பி முதல் படத்தைப் போடுகிறவர்கள்தான் ஏமாறுகிறார்கள்.

இரண்டுமே பழைய பாடல்களைக் கையில் வைத்துக்கொண்டு கதை தேடிய படங்கள். 'சிங்கின் இன் த ரெயின்' என்ற மழைப் படத்தில் இருப்பவை பெரும்பாலும் ஃபிரீடும் நாசியோ ஹெர்ப் பிரவுனும் எழுதியவை, அவற்றில் பல 1920களின் கடைசியைச் சேர்ந்தவை. திரைக்கதை எழுதிய பெட்டி காம்டனும் அடால்ஃப் கிரீனும் அந்தக் காலத்தையே கதையாக்கினார்கள்: மௌனப்படம் பேசத் தொடங்கிய 1927. மைக்கைச் செடிக்குள் ஒளித்தால் நாயகி தலையைத் திருப்பியதும் குரல் காணாமல் போகிறது. உடைக்குள் வைத்தால் நெஞ்சுத் துடிப்பு கேட்கிறது. சிரிக்கச் சிரிக்கக் கதையும் நகர்கிறது, ஏனென்றால் பேசும் படத்துக்கு ஒத்துவராத அந்த நாயகியின் குரல்தான் சிக்கலே.

பாரிஸ் படத்தில் இருப்பவை இசையமைப்பாளர் ஜார்ஜ் கெர்ஷ்வினின் பாடல்கள். பாட்டாக மட்டும் பார்த்தால் இவைதான் உசத்தி. ஆலன் ஜே லெர்னரின் கதைதான் அவற்றைத் தாங்கவில்லை. ஓவியன் ஜெரி, முன்பின் தெரியாத லீஸை விடாமல் துரத்துகிறான். அவள் வேலை பார்க்கும் கடைக்கே போய் நிற்கிறான். படம் அதைக் காதல் என்கிறது. இன்று பார்த்தால் தொல்லை. அவன் ஓவியங்களை வாங்கும் பணக்காரி மைலோதான் படத்திலேயே உயிருள்ள ஆள். கடைசியில் அவளையும் கழற்றி விடுகிறார்கள். போர்க்காலத்தில் லீஸைக் காப்பாற்றி, இப்போது அவளை மணக்கவிருக்கும் ஆன்ரி, காதலர்கள் பேசுவதைக் கேட்டுவிட்டு ஒதுங்குகிறான். அவன் மனம் மாறும் காட்சியே கிடையாது.

அந்தக் காட்சி இருக்க வேண்டிய இடத்தில்தான் சுமார் 17 நிமிட பாலே வருகிறது. டூஃபி, ரெனுவார், உட்ரியோ, ரூசோ, வான் கோ, துலூஸ் லோத்ரெக் ஆகிய ஓவியர்களின் பாணிகளில் செட்டுகள், ஒரு வசனமும் இல்லை. கண்ணுக்கு விருந்து, சந்தேகமில்லை. முடிந்ததும் லீஸ் திரும்பி வருகிறாள், படம் தீர்ந்தது. பாட்டுக்காகக் கதை நிற்பது நமக்கொன்றும் புதிதல்ல. ஆனால் இங்கே முடிச்சையே அவிழ்க்காமல் ஆடிவிட்டுப் போகிறார்கள்.

மழைப் படத்திலும் சிட் சாரிஸ் ஆடும், நியூயார்க்கின் நாடக உலகமான பிராட்வே பற்றிய நீண்ட நடனம் கதைக்கு ஒட்டாததுதான். ஆனால் அது முடிந்ததும் ஸ்டுடியோ முதலாளி, இதை என்னால் கற்பனை பண்ண முடியவில்லை, திரையில் பார்த்தால்தான் தெரியும் என்கிறார். தன் ஊதாரித்தனத்தைத் தானே கேலி செய்துவிட்டு, கதையை மறுபடி எடுத்துக்கொள்ள இன்னும் நேரமும் வைத்திருக்கிறது.

எதைப் பார்த்தாலும் டிவியில் 'ஜூம்' வேண்டாம். இவற்றின் அகலம் உயரத்தைப்போல 1.37 மடங்குதான். அகலத் திரையை நிரப்பினால் உயரத்தில் கால் பங்குக்குச் சற்றே குறைவாக வெட்டுப்படும். கெல்லியைத் தலை முதல் பாதம் வரை காட்டும் ஷாட்டுகளில் போவது கால்கள்தான். அசைவை மழமழப்பாக்கும் 'மோஷன் ஸ்மூத்திங்' வசதியையும் அணைத்துவிடுங்கள்.

முதலில் மழைப் படம். பாரிஸ் படம் நடுவில் அலுத்துப்போனால் நேராக பாலேவுக்குத் தாவாதீர்கள். கலை மாணவர்களின் விருந்துக்குப் போங்கள். அங்கே எல்லோரும் கறுப்பு வெள்ளை உடையில்தான் இருப்பார்கள். அதைப் பார்த்த கண்ணுக்குத்தான் பாலேயின் நிறங்கள் முழு வீச்சோடு இறங்கும்.