பண்டிகை விருந்துக்கு வெளியில் சமையல் சொல்லப் போகிறவர்கள் தயவுசெய்து படியுங்கள்

நேற்று ராத்திரி நடந்தது. இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை, அதனால் கோர்வையாக எழுத வராது.

மொத்தம் 22 பேர். நாங்கள், நாத்தனார் குடும்பம், சித்தி வீடு, பக்கத்து வீட்டுக்காரர்கள், என்னோடு வேலை பார்க்கும் இரண்டு பேர். பண்டிகையன்று எல்லாரும் எங்கள் வீட்டில் சேர்ந்து சாப்பிடுவது என்று ஒரு மாதம் முன்பே பேசிவைத்தோம். இனிப்பு, பழம் எல்லாம் ஆளுக்கு ஒன்றாகக் கொண்டுவருவார்கள். பெரிய சமையலை மட்டும் வெளியில் சொல்லிவிடலாம் என்று நான்தான் பொறுப்பு எடுத்துக்கொண்டேன். 22 பேர் சாப்பாட்டுக் காசு என் கைக்கு வந்தது. அதில் என் பங்கு கொஞ்சம்தான். மீதி எல்லாம் என்னை நம்பிக் கொடுத்தவர்கள் காசு.

வீட்டிலேயே சமைத்துத் தருகிறவர்களிடம் ஆர்டர் கொடுக்க உதவும் ஒரு ஆப். பெயர் வேண்டாம். பதிவு செய்த பத்தாவது நிமிடம் சமைத்துத் தரும் பெண்ணே கூப்பிட்டாள். "அக்கா, பெரியவங்க எத்தனை பேர், குழந்தைங்க எத்தனை பேர்? யாருக்காவது எதாவது ஒத்துக்காதா?" மாமனாருக்குச் சர்க்கரை, சித்திக்கு உப்பு குறைய வேண்டும், நாத்தனார் பையனுக்கு வேர்க்கடலை ஆகாது என்று சொன்னேன். ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லி எழுதிக்கொண்டாள். இப்படி யாரும் என்னிடம் கேட்டதே இல்லை. அந்த இடத்தில்தான் நான் விழுந்தேன். அடுத்தது வந்தது: "ஆப்ல கட்டினா அவங்க கமிஷன் எடுத்துடுவாங்கக்கா. எனக்கே நேரா போட்டு விடுங்க, அந்தக் காசுக்குக் கூடவே செஞ்சு தரேன்." பாதி இப்போது, பாதி அப்புறம் தரட்டுமா என்றேன். "பண்டிகை நேரம்கா, சாமான் எல்லாம் முன்னாடியே வாங்கணும்." 22 பேர் காசையும் மொத்தமாக அனுப்பினேன். "வந்துடுச்சுக்கா, இனிமே நீங்க நிம்மதியா இருங்க" என்று குரல் பதிவு வந்தது. நேற்று ராத்திரி அதைத் திரும்பத் திரும்பக் கேட்டேன்.

7 மணிக்கு வர வேண்டிய சாப்பாடு. 7:30-க்கு "கிளம்பியாச்சுக்கா." 8:15-க்கு "பக்கத்துல வந்துட்டாங்க." அதற்குப் பிறகு போன் அணைத்துவைக்கப்பட்டிருந்தது. வண்டி வந்தது 9:40-க்கு. குழந்தைகள் பிஸ்கட் தின்று தூங்கியே போய்விட்டார்கள். வந்தது மூன்று பாத்திரம், பத்துப் பேருக்குக்கூடக் காணாது. வெளியே தொட்டால் சூடே இல்லை. "எப்ப கட்டினாங்க தம்பி?" என்றேன். "மத்தியானமே கட்டி வெச்சிருந்தாங்கம்மா, நான் வண்டி ஓட்டுறவன்தான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

நாத்தனார் ஆஸ்பத்திரி சமையலறையில் வேலை பார்க்கிறவர். நான் கேக்குக்கு வைத்திருக்கும் வெப்பமானியை வாங்கி இறைச்சிக்குள் குத்திப் பார்த்தார். 36 டிகிரி. சூடாகப் பரிமாற வேண்டியது 60 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும், சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்கக் கூடாது, உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரையே அதுதான் என்றார். "கொதிக்க வெச்சா சரியாயிடாதா அண்ணி?" என்று கெஞ்சினேன். "கிருமி சாகும். சில கிருமி விட்டுட்டுப் போற விஷம் கொதிச்சாலும் போகாது. பெரிய பாத்திரத்துல மெதுவா ஆறின இறைச்சி ரொம்ப மோசம். வயசானவங்க இருக்காங்க, வேண்டாம்." எல்லாவற்றையும் கொட்டினோம். 22 பேர் காசு குப்பைக் கூடையில். எல்லாரும் கொண்டுவந்த இனிப்பையும் பழத்தையும் சாப்பிட்டுவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் கிளம்பினார்கள்.

இன்று காலை அவளே போனை எடுத்தாள். முதலில் போக்குவரத்து நெரிசல். பிறகு "போட்டோ அனுப்புங்க." அனுப்பியதும் "கொட்டிட்டீங்களே, திருப்பிக் கொடுத்திருந்தா பார்த்திருக்கலாம்." அதன்பின் என் எண்ணையே தடைசெய்துவிட்டாள். ஆப்காரர்களிடம் போனால் முதல் இரண்டு மணி நேரம் "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்ற ஒரே வரி. கடைசியில் ஒரு ஆள் பேசினார்: "பணம் எங்க வழியா வரலையே மேடம், எங்க கணக்குல இந்த ஆர்டரே இல்லை." வங்கியில் "நீங்களே அனுப்பின பணம்தானே" என்கிறார்கள். 22 பேர் சாப்பாட்டுக் காசு, கேட்பதற்கு ஒரு நாதி இல்லை.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. ஆப்புக்கு வெளியே பணம் கேட்டால் அங்கேயே விட்டுவிடுங்கள். முழுப் பணத்தை முன்னால் கொடுக்காதீர்கள். எத்தனை பேருக்கு, எத்தனை மணிக்கு, எப்போது சமைத்தது என்பதை எழுத்தில் வாங்குங்கள், போனில் சொன்னது நிற்காது. வண்டிக்காரர் போகும் முன் பாத்திரத்தைத் திறந்து படம் எடுங்கள். கார்டில் கட்டியவர்கள் பொருள் சரியாக வரவில்லை என்று வங்கியிடம் முறையிட்டுப் பணத்தைத் திரும்பக் கேட்க முடியும், அதற்கும் கெடு உண்டு, உடனே செய்யுங்கள். நேராக அனுப்பிய எனக்கு அந்த வழியும் இல்லை.