புயலில் தளம் படுத்தால்: 503 பலகையா, நிலைப்பிரதியா?

2024 ஜனவரி 15. பெலால் புயல் மழையில் மொரீஷியஸ் தலைநகர் போர்ட் லூயி தெருக்களில் கார்கள் அடித்துச் செல்லப்பட்ட அன்று, மாமாவின் பூஜைப்பொருள் கடைக்குள்ளும் தண்ணீர் ஏறியது. பின்னறையில் இருந்த, கடையின் இணையதளத்தை ஓட்டும் சர்வர் போய்விட்டது. தைப்பூசக் காவடிக்குச் சரியாகப் பத்து நாள். பால்செம்பு, மயிலிறகு, மஞ்சள் துணி எல்லாம் விற்கும் நேரமே அதுதான். அவசரத்துக்கு வேறோர் இடத்தில் ஒற்றைப் பக்கம் ஏற்றி, தளத்தின் எல்லா முகவரிகளுக்கும் அதையே காட்ட வைத்தோம். நான்காம் நாள் மாமா போன் செய்தார்: "என்னப்பா, பால்செம்புன்னு தேடினா நம்ம கடை வருது. ஆனா கீழே 'புயல் காரணமாக மூடியிருக்கிறோம்'னுதானே இருக்கு?"

சர்வர் ஒவ்வொரு பதிலோடும் ஒரு நிலை எண்ணை அனுப்பும்; அந்தப் பக்கம் 200 என்ற எண்ணோடு போயிருந்தது. 'எல்லாம் சரி, இதுதான் பக்கம்' என்று பொருள். தேடலுக்காகப் பக்கங்களைப் படித்துச் செல்லும் கூகுளின் நிரலான கூகுள்பாட் அதை அப்படியே நம்பி, பால்செம்புப் பக்கம், மயிலிறகுப் பக்கம் எல்லாவற்றின் உள்ளடக்கமும் இனி இந்த ஒரே அறிவிப்புதான் என்று எடுத்துக்கொண்டது. 302 என்ற தற்காலிகத் திருப்பல் எண்ணைப் போட்டு அறிவிப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிட்டாலும் இதே வம்புதான். 404 இன்னும் மோசம். பக்கமே இல்லை என்று நாமே சொல்லிக்கொடுத்தது போல.

உண்மையான போட்டி 503 என்ற எண்ணுக்கும் நிலைப்பிரதிக்கும்தான், அதாவது பக்கங்களின் சேமித்துவைத்த நகலுக்கும்தான்.

503 என்றால் 'தற்காலிகமாகச் சேவை இல்லை, பிறகு வா'. கூகுள்பாட் பழைய பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வரும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கூடவே 'ரிட்ரை-ஆஃப்டர்: 7200' என்று பதிலின் ஹெடரில் (பக்கத்துக்கு முன்னால் போகும் குறிப்பில்) சேர்த்தால் இரண்டு மணி நேரம் கழித்து வரச் சொல்கிறோம். தளம் கட்டும் மென்பொருளான வேர்ட்பிரஸ் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும்போது இதைத் தானே செய்கிறது; அதில் 600 நொடி. ஆனால் 'விரைவில் வருகிறோம்' பலகை மாட்டும் பிளக்கின்கள் (துணை நிரல்கள்) சில 200 அனுப்புகின்றன. பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள், எண்ணைப் பாருங்கள். கணினியின் கட்டளைத் திரையில் 'கர்ல் -ஐ' (curl -I) என்று அடித்து முகவரியைக் கொடுத்தால் ஒரு நொடியில் காட்டிவிடும். எதைப் படிக்கலாம் என்று தேடுபொறிகளுக்குச் சொல்லும் ரோபோட்ஸ் கோப்புக்கு (robots.txt) மட்டும் 503 போகவிடக் கூடாது. போனால் தளம் முழுவதையும் கூகுள்பாட் தொடாமல் நிறுத்திவிடும்.

இரவு இரண்டு மணிக்கு டேட்டாபேஸ் மாற்றுகிறீர்களா? 503-ஐ மிஞ்ச ஒன்றுமில்லை. ஆனால் அதன் ஆயுள் ஓரிரு நாள்தான். நாள்கணக்கில் நீண்டால் பக்கங்கள் கூகுளின் தேடல் பட்டியலான இன்டெக்ஸிலிருந்து உதிரத் தொடங்கும். இன்னொரு சிக்கல், புயல் தீவுக்காரர்களுக்கு இதுவே பெரியது: 503 சொல்லவும் உயிரோடு ஒரு சர்வர் வேண்டும். தண்ணீரில் மூழ்கிய பெட்டி எந்த எண்ணையும் அனுப்பாது.

நிலைப்பிரதி இங்கேதான் ஜெயிக்கிறது. தீவுக்கு வெளியே, சி.டி.என்னில் (பக்க நகல்களைப் பல ஊர்ச் சர்வர்களில் வைத்துக் கொடுக்கும் சேவையில்), ஒவ்வொரு பக்கத்தின் நகலும் அதே முகவரியில் கிடக்கும். மூலச் சர்வர் விழுந்தால் பழைய நகலையே கொடு என்று சொல்ல 'ஸ்டேல்-இஃப்-எரர்' என்றொரு கட்டளை 2010 முதலே இருக்கிறது. எல்லா சி.டி.என்னும் அதை மதிப்பதில்லை, கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். இப்போது 200 போவதில் தப்பில்லை, ஏனென்றால் பக்கமும் உண்மையானது. குறை ஒன்று: விலையும் கையிருப்பும் நேற்றையவை. எனவே கூடையை முடக்கி, மேலே ஒரு வரி அறிவிப்பு வைத்து, தேடுபொறிகள் படிக்கும் பொருள் விவரக் குறிப்பான கட்டமைப்புத் தரவில் 'கையிருப்பு இல்லை' என்று மாற்றிவிட வேண்டும். நாள்கணக்கில் வியாபாரம் நிற்கும்போது, தளத்தை முழுதும் மூடுவதைவிட இப்படிச் செய்யத்தான் கூகுளும் சொல்கிறது.

திட்டமிட்ட சில மணி நேரத்துக்கு 503, புயலுக்கு நிலைப்பிரதி. எங்கள் கடையில் இரண்டும் இருக்கின்றன. புயல் பருவம் தொடங்கும் நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூலச் சர்வரை வேண்டுமென்றே அணைத்துவிட்டு மாமாவைத் தேடிப் பார்க்கச் சொன்னேன். பால்செம்புப் பக்கம் படத்தோடும் விலையோடும் வந்தது. 'வாங்கு' பொத்தான் மட்டும் சாம்பல் நிறத்தில் இருந்தது.